அப்பாவின் செருப்பும் என் கணக்கு நோட்டும்

2009 முதல் வீட்டுச் செலவை நீள நோட்டில் எழுதி வருகிறேன். காலையில் வாங்கும் பால் தொடங்கி கோயில் வாசலில் போடும் சில்லறை வரை எல்லாம் அதில் இருக்கும். கடன் வாங்காமல், வரவுக்குள் குடும்பம் நடத்தினேன் என்பதற்கு அந்த நோட்டுகளே சாட்சி என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். இப்போது அவற்றைப் புரட்டினால் 2014 அக்டோபர் பக்கத்தில் கை நின்றுவிடுகிறது. மேலே 'ஹால் சோபா - 23,500' என்று எழுதியிருக்கிறேன். நாலு வரி கீழே 'அப்பா செருப்பு - 110'. இரண்டும் ஒரே வாரத்துச் செலவு.

அப்பா மதுரையில் பஞ்சாலைத் தொழிலாளி. முப்பத்து நாலு வருஷம் ஷிப்ட் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு அனுப்பானடியில் எங்களோடு இருந்தார். விடியுமுன்னே எழுந்து தெப்பக்குளம் வரை நடந்து, மாரியம்மனைக் கும்பிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் அவரைப் படுக்கவைத்து, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தினார். பத்து கிராம் அழுத்தம் வந்ததும் வளைந்துகொடுக்கும்படி செய்த இழை அது. உணர்ச்சி இருக்கிற காலுக்கு அது படுவது நன்றாகத் தெரியும். பாதம் முழுக்கப் பார்த்து முடித்துவிட்டு டாக்டர் நிமிர்ந்தார். மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்த அப்பா, "இன்னும் ஆரம்பிக்கலையா டாக்டர்?" என்று கேட்டார்.

டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். கால் மரத்துவிட்டது, இனி முள் குத்தினாலும் கல் உறுத்தினாலும் அவருக்குத் தெரியாது, வெறுங்காலோடு நடக்கவிடாதீர்கள், எம்.சி.ஆர். செருப்பு வாங்கிக் கொடுங்கள் என்றார். கடையில் விசாரித்தேன். 650 ரூபாய் சொன்னார்கள்.

அன்று என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டிலிருந்து கோயில், கோயிலிலிருந்து வீடு. ஆபீஸ் போகிறவரா, நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகிறவரா? இந்தக் காலுக்கு 650 ரூபாயா? வீட்டுக்கு வந்து விலையைச் சொன்னதும் அப்பா, "எனக்கெதுக்குப்பா அம்புட்டு வெலையில? பழசே நல்லாத்தான இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவன்போல விளக்குத்தூண் பக்கம் நடைபாதைக் கடையில் 110 ரூபாய்க்கு ஒரு ரப்பர் செருப்பு வாங்கிவந்து வைத்தேன். அதே வாரம் அண்ணன் மகள் நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் நம் வீட்டுக்கும் வந்து போவார்கள் என்று சோபா வந்து இறங்கியது. அவர்கள் வந்தார்கள். காப்பி குடித்தார்கள். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

மார்கழியில் ஒரு நாள் காலை அம்மா கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஏய்யா, இங்க வாய்யா, அப்பா கால்ல இருந்து என்னமோ வடியுது" என்று கூப்பிட்டாள். தரையில் வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் வட்ட வட்டமாகக் கறை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது பாதத்தில், இரண்டாம் விரலுக்குக் கீழே, ஒரு ஓட்டை. செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பாகம் மூன்று மாதத்தில் தேய்ந்து அப்பளமாகியிருந்தது. அதில் சீமைக்கருவேல முள் ஒன்று ஏறி, ஒடிந்து, உள்பக்கம் கால் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. குறைந்தது இரண்டு நாளாவது அந்த முள்ளின்மேல்தான் அவர் தெப்பக்குளம் போய் வந்திருக்கிறார்.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். சீழ் எலும்பு வரை போய்விட்டதால் இரண்டாம் விரலை எடுத்தார்கள். நோட்டில் அந்தச் செலவு 86,400 என்று இருக்கிறது. கட்டுப் பிரித்த அன்று அப்பா காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார். "விடுப்பா, ஒரு விரல்தான" என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அந்த நாட்களில்தான் எம்.சி.ஆர். என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். மைக்ரோ செல்லுலார் ரப்பர். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னக் காற்றறைகள் நிறைந்த மெத்து ரப்பர். நடக்கும்போது குதிகாலிலும் விரல்மேட்டிலும் குவிகிற பாரத்தை அது பாதம் முழுக்கப் பரப்பிவிடும். அதற்கு அடியில் முள் ஏறாத கெட்டி அடித்தோல் தனியாக இருக்கும். விரலிடுக்கில் வார் கிடையாது, ஏனென்றால் மரத்த காலில் அந்த வாரே புண்ணாக்கிவிடும். பின்னால் ஒரு வார் உண்டு, ஏனென்றால் செருப்பு கழன்று விழுந்தாலும் மரத்த காலுக்குத் தெரியாது. இந்தச் செருப்புக்குப் பின்னால் நம் வட ஆற்காட்டு மண்ணின் கதை ஒன்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு 1946இல் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் தினசரிக் காயங்களிலேயே தேய்ந்து போகின்றன என்று எடுத்துக்காட்டினார். அதன் பிறகு காயம் படாத செருப்பு என்பது அந்த நோயாளிகளுக்கு மருந்துக்குச் சமமானது. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் அவர்களுக்கென்றே செருப்புத் தைத்தார்கள். அதே செருப்புதான் பிற்பாடு சர்க்கரைக்காரர்களின் காலுக்கும் வந்தது. எத்தனையோ பேர் உழைத்துக் கண்டுபிடித்த ஒன்றை, 540 ரூபாய் மிச்சத்துக்காக நான் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் பழைய நோட்டுகளை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே சிக்கனம் பிடித்திருக்கிறேன், எங்கே கையைத் தாராளமாக விட்டிருக்கிறேன் என்று பார்த்தேன். ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. நான் மிச்சம் பிடித்த பணம் எல்லாம் அப்பாவின் காலிலிருந்தும் அம்மாவின் அடுப்படியிலிருந்தும் மனைவியின் முதுகிலிருந்தும் எடுத்தது. வாய்விட்டுக் கேட்காதவர்கள் யாரோ, அவர்கள் பங்கில்தான் கத்தரி போட்டிருக்கிறேன். தாராளமாகச் செலவழித்ததெல்லாம் வாசல் தாண்டி வருகிறவர்களின் கண்ணுக்காக. வீட்டில் மூன்று அறைக்கும் ஃபேன் வாங்கியிருக்கிறேன், அடுப்படிக்கு இல்லை. எப்போதாவது வந்து தங்கும் விருந்தாளிக்கு ஃபோம் மெத்தை இருக்கிறது, மூட்டுவலிக்கார அம்மா கோரைப்பாயில் படுத்திருக்கிறாள். அவளும் "பாய்தான்யா நல்லது" என்றுதான் சொல்லியிருந்தாள். அந்த வருஷமே அவளுக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் போட்டு, பஞ்சு அமுங்கிப்போனால் பிரித்து அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

கேஸ் டியூப் விஷயத்தை எழுத இன்னும் கூச்சமாக இருக்கிறது. அம்மா இரண்டு தடவை, "வாட வருதுய்யா" என்று சொன்னாள். ரெகுலேட்டரைச் சரியாக மூடு என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டேன். பிறகு ஏஜென்சியிலிருந்து சோதனைக்கு வந்த பையன் டியூபைக் கையில் எடுத்து வளைத்துக் காட்டினான். வளைத்த இடமெல்லாம் பாளம் பாளமாக வெடிப்பு. அதன்மேல் அச்சிட்டிருந்த வருஷம் 2006. ஆரஞ்சு நிறத்தில், உள்ளே எஃகுக் கம்பி வலை வைத்து வரும் 'சுரக்ஷா' டியூபுக்கே ஆயுள் ஐந்து வருஷம்தான். நாங்கள் வைத்திருந்தது எலி கடித்தால் ஓட்டை விழும் சாதாரண ரப்பர். புது டியூபின் விலை அன்றைக்கு இருநூறு ரூபாய்கூட இல்லை. ஐந்து வருஷத்துக்கு வகுத்தால் மாதம் நாலு ரூபாய்கூட வராத இந்தச் செலவை நான் ஒத்திப்போட்டதற்கு ஒரே காரணம், அடுப்புக்குப் பின்னால் கிடக்கும் டியூபை வெளியார் யாரும் பார்க்கப்போவதில்லை என்பதுதான்.

குக்கரும் அப்படித்தான். கேஸ்கெட்டும் சேஃப்டி வால்வும் அந்தந்தக் கம்பெனியின் அசல்தான் போட வேண்டும். வெயிட் அடைத்துக்கொண்டு உள்ளே சூடு எல்லை மீறும்போது, வால்வில் வைத்திருக்கும் ஈயம் போன்ற உலோகம் உருகி ஆவிக்கு வழிவிட வேண்டும். அதற்குத்தான் அது இருக்கிறது. பாத்திரக்கடை வாசலில் தொங்கும் நகல் வால்வு உருகுமா என்பது, உருகவேண்டிய அந்த நிமிஷத்தில்தான் தெரியும். அந்தச் சோதனையை அடுப்படியில் நிற்கிறவள் உடம்பில் நடத்த நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஒரு விரல் போனபிறகும் நான் முழுதாகத் திருந்திவிடவில்லை. 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது ஊரே கடைகளில் மொய்த்தது. நானும் பைபாஸ் ஓரத்தில் துணி விரித்து அடுக்கியிருந்த கடையில் 300 ரூபாய் வீதம் இரண்டு வாங்கினேன், எனக்கும் மனைவிக்கும். போலீஸ் நிறுத்தினால் தலையில் ஏதோ இருக்கிறது என்று தெரிய வேண்டும், அதுவே என் கணக்கு. மறுபடியும் அடுத்தவர் கண்தான். நாலாவது மாதம் வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருந்தது கழன்று தரையில் விழுந்தது. மூன்றடி உயரம்தான் இருக்கும். ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே வெறும் பஞ்சும் துணியும். நல்ல ஹெல்மெட்டில் ஓட்டுக்கும் துணிக்கும் நடுவே தெர்மாகோல் போன்ற கெட்டி அடுக்கு ஒன்று உண்டு. தலை மோதும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கியது மறுபடி உதவாது, ஆகவே விபத்தில் அடிபட்ட ஹெல்மெட்டை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். அன்று உடைந்ததை மனைவி கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதப் போட்டுக்கிட்டா நாலு மாசமா உங்க பின்னால உக்காந்து வந்தேன்?" என்று கேட்டாள். மறுநாள் ஐஎஸ் 4151 என்று ஐஎஸ்ஐ முத்திரையோடு போட்ட இரண்டு ஹெல்மெட் வாங்கினோம். 2021 ஜூனிலிருந்து அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே சட்டப்படி குற்றம். இருந்தும் சாலையோரம் இன்னும் கிடைக்கிறது. தயவுசெய்து வாங்காதீர்கள்.

இத்தனைக்கும் கூடுதலாகச் செலவழித்தால் பட்ஜெட் எங்கே போகும் என்று கேட்கலாம். எங்கள் நோட்டில் மொத்தத் தொகை கூடவே இல்லை. வேறு இடங்களில் இறுக்கினோம், அதுவும் என் கௌரவம் உட்கார்ந்திருந்த இடங்களில்.

முதலில் ரேஷன் கடை. வரிசையில் நிற்பதை அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்று பல வருஷம் அட்டையைப் பீரோவிலேயே வைத்திருந்தேன். தமிழ்நாட்டில் பொது விநியோகம் எல்லோருக்கும் பொதுவானது. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ரேஷன் புழுங்கலரிசியில் அரைக்கும் மாவில் இட்லி மெத்தென்று வரும், மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பலசரக்கில் மிச்சமாகும் பணத்தை மொத்தமாக நல்லெண்ணெய்க்குத் திருப்பிவிட்டோம். நல்லெண்ணெயில் மட்டும் நாங்கள் விலை பார்ப்பதில்லை, தெரிந்த செக்கில் கண்முன்னே ஆட்டி வாங்குகிறோம்.

அடுத்தது மாத்திரை. இதில் பயத்தினால் பணம் போய்க்கொண்டிருந்தது. விலை கூடின மாத்திரைதான் நல்லது என்று நினைத்திருந்தேன். அப்பாவின் டாக்டரே ஒருநாள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் மருந்து மெட்ஃபார்மின், எந்தப் பெயரில் வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான் என்று விளக்கினார். அதன்பிறகு மக்கள் மருந்தகத்துக்கு மாறினோம். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு முதல்வர் மருந்தகம் என்று ஆயிரம் கடைகளைத் திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. மாற்றுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாத்திரையில் மிச்சமான பணத்தில்தான் அப்பாவுக்கு வருஷம் ஒரு ஜோடி எம்.சி.ஆர். வந்தது. மேலே பார்க்கப் புதிதாகவே இருந்தாலும் ரப்பர் அமுங்கிவிட்டால் அதை மாற்றத்தான் வேண்டும்.

பிள்ளைகளின் தீபாவளித் துணி ஒரு வருஷத்துக்குமேல் போடமுடியாது, வளர்ந்துவிடுகிறார்கள். அதில் பாதியைக் குறைத்தோம். ஷாம்பூவில் பெரிய பாட்டில்தான் லாபம் என்று நம்பியிருந்தேன். தெருமுனைக் கடையில் மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் ஒரு ரூபாய்ப் பாக்கெட்தான் குறைவாக வந்தது. மொய்யில் மட்டும் கை வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் மொய் என்பது செலவுக் கணக்கில் வராது. வாங்கியதைத் திருப்பி எழுதுகிறோம், நாளைக்கு நமக்கும் எழுதுவார்கள்.

அடுப்படிக்கு ஃபேன் மாட்டியபோது மற்ற அறைகளுக்கும் சேர்த்துப் பழையதைக் கழற்றிவிட்டு பிஎல்டிசி ஃபேன் போட்டோம். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் குறைகிறது. 540ஐ ஒட்டி வந்துகொண்டிருந்த எங்கள் ரீடிங் 500க்குக் கீழே இறங்கியது. 500ஐத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் குறைந்துவிடும் என்பது கரண்ட் பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். ஃபேன் மாட்டிய அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, அதன் அடியில் ஒரு முக்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். பதினொரு வருஷமாக அந்த வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தவள்.

அந்த சோபா இன்னும் ஹாலில் கிடக்கிறது. ஸ்பிரிங் போய்விட்டது, இஸ்திரிக்குப் போகவேண்டிய துணியை அதன்மேல்தான் குவித்து வைக்கிறோம். அப்பா 2021இல் இறந்துபோனார். விரல் போனபிறகு ஆறு வருஷத்துக்குமேல் நடந்தார், தெப்பக்குளம் வரையிலும். தினமும் ராத்திரி அவர் காலைத் தூக்கி மடியில் வைத்து, கீறல் உண்டா, கொப்புளம் உண்டா என்று பார்ப்பது என் வேலை. காலையில் அவர் கிளம்புமுன் செருப்புக்குள் கையை விட்டுத் தடவிப் பார்ப்பதும் என் வேலைதான். அந்த ஆறு வருஷமும் அவர் காலில் வேறு புண் வரவில்லை.

இதைப் படிக்கிற நீங்கள் இன்றைக்கு ராத்திரி வீட்டு வாசலில் கிடக்கிற செருப்புகளில் மூத்தவருடையதை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடி தேய்ந்து வழவழவென்று இருந்தால் நாளைக்கே அவரைக் கடைக்குக் கூட்டிப் போங்கள். சாயங்காலமாகப் போங்கள், அப்போதுதான் கால் வீங்கி இருக்கும், அளவு சரியாக அமையும். எனக்கெதுக்கு என்றுதான் சொல்வார். அந்த வார்த்தையைக் கேட்டுக்கொள்ளாமல் கூட்டிப் போங்கள்.